போவது ரிவெட், நிற்பது துளை: பழைய லாரிச் சேஸிஸில் பட்டை பிராக்கெட் கழற்றும் வேலை

சங்ககிரி என்றால் லாரி. திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. நாமக்கல் என்றால் பாடி கட்டும் பட்டறை, டிரெய்லர், கேஸ் டேங்கர். 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாவதற்கு வெகு காலம் முன்பே, பழைய சேலம் மாவட்டத்தின் இந்த வறண்ட சமவெளி வண்டியை நம்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. வடக்கே தொப்பூர் கணவாய், கிழக்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை, நடுவில் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44. புதுச் சேஸிஸ் இங்கே பாடி கட்ட வருகிறது. இருபது வருடம் ஓடிய சேஸிஸும் இங்கேதான் வருகிறது, இன்னொரு வேலைக்குத் தயாராக.

அப்படி வரும் பழைய சேஸிஸில் மிகவும் கவனம் கேட்கும் வேலை எது என்றால், எஞ்சினையோ கியர்பாக்ஸையோ சொல்ல மாட்டேன். அவை போல்ட்டில் நிற்பவை. போல்ட்டைக் கழற்றினால் இறங்கிவிடும். லீஃப் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர் பிராக்கெட், ஷாக்கிள் பிராக்கெட், பின்பக்கத் துணைப் பட்டை உட்காரும் பேட் ஆகியவை அப்படியல்ல. ஆலையிலேயே ரிவெட் அடித்து, சேஸிஸின் நீளவாட்டுச் சட்டமான லாங் மெம்பரோடு பிணைக்கப்பட்டவை அவை. திரும்பக் கழற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு யாரும் ரிவெட் அடிப்பதில்லை. கழற்ற ஒரே வழி, ரிவெட்டை அழிப்பது. அதை எப்படி அழிக்கிறோம் என்பதில்தான் சேஸிஸின் அடுத்த பத்து வருடம் இருக்கிறது.

எந்தக் கருவி வேகமானது, எது மலிவானது என்றே பட்டறைகளில் பேச்சு நடக்கும். முதலில் கேட்க வேண்டியது, ரிவெட் போன பிறகு துளை எந்த நிலையில் இருக்கும் என்பதை. பழைய ரிவெட் எப்படியும் குப்பைக்குப் போகப் போகிறது. பாரத்தைத் தாங்கப் போவது துளையின் சுவர். பல் பிடுங்குகிறவர் ஈறையும் தாடையையும் காப்பது போல, ரிவெட் எடுப்பவர் காக்க வேண்டியது அந்தத் துளையை. வழக்கில் இருக்கும் முறைகள் எல்லாவற்றையும் இந்த ஒரே அளவுகோலால் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் கழற்ற வேண்டியிருக்கிறது

பிராக்கெட்டின் காது தேய்ந்து பின் ஆடுவது பொதுவான காரணம். புஷ்ஷைக் கவனிக்காமல் ஓட்டினால் பின் உட்காரும் துளை முட்டை வடிவமாகிவிடும். வார்ப்பு பிராக்கெட்டாக இருந்தால் ஒரு நாள் வெடிக்கும். தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. அச்சைப் பின்னுக்கு இழுக்கும் விசை முழுவதும் முன்பட்டையின் ஹேங்கர் வழியாகவே சேஸிஸுக்குப் போகிறது. முன் ஹேங்கரைப் பார்த்தாலே வண்டி எந்த மாதிரிச் சாலையில் ஓடியது என்று அனுபவமுள்ள மேஸ்திரி ஊகித்துவிடுவார்.

அடுத்தது ரிக். போர் போடும் இயந்திரமும் அதைச் சுமக்கும் லாரியும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. இயந்திரத்தை இறக்கி வேறு சேஸிஸில் ஏற்றும்போது, அந்தச் சேஸிஸின் பட்டையும் பிராக்கெட்டும் புதிய பாரத்துக்கு ஏற்றவையா என்று பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். சரக்கு லாரி லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும். ரிக் வண்டிக்கு அந்த ஓய்வு கிடையாது. பட்டை எந்நேரமும் முழுப் பாரத்தில் வளைந்தே நிற்கிறது. ரிக் சேஸிஸில் ரிவெட் துளைகளை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றாவது காரணம் விரிசல். பிராக்கெட்டில் பழுதே இருக்காது. அதன் பின்னால் மறைந்த லாங் மெம்பரில் ரிவெட் துளையிலிருந்து முடி போன்ற கோடு கிளம்பியிருக்கும். உள்ளே ஃபிட்ச் பிளேட் போட்டு வலுவூட்ட பிராக்கெட்டை எடுத்தே ஆக வேண்டும். இவை போக, ஓய்வு பெறும் லாரியின் அச்சும் பட்டையும் டிரெய்லராக மாறுவதற்காகக் கழற்றப்படுவதும், பழைய இரும்புக்காக மொத்தமாகப் பிரிக்கப்படுவதும் உண்டு. மீண்டும் ஓடப்போகும் சேஸிஸுக்கும் உருக்கு உலைக்குப் போகும் சேஸிஸுக்கும் முறை ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே கை வழக்கம் பழகிவிடுவதுதான் நான் பார்க்கும் பெரிய சிக்கல்.

ரிவெட் எப்படிப் பிடிக்கிறது

நம் சாலைகளில் ஓடும் டாடா, அசோக் லேலண்ட் லாரிகளின் சேஸிஸ் ஏணி வடிவம். ஆங்கில எழுத்து சி-யின் வெட்டுத் தோற்றம் கொண்ட இரண்டு லாங் மெம்பர்கள், இடையே கிராஸ் மெம்பர்கள். லாங் மெம்பரின் உயரம் பெரும்பாலான கனரக வண்டிகளில் 220 மில்லிமீட்டருக்கு மேல்; தகட்டின் தடிப்பு பொதுவாக 6 முதல் 8 மில்லிமீட்டர். பிராக்கெட் இதன் செங்குத்துச் சுவரில் நிற்கும். வளையும்போது அதிக இழுவிசையும் அமுக்குவிசையும் மேல், கீழ் விளிம்புகளில் வரும், நடுவில் குறையும். விளிம்புப் பட்டையில் புதிதாகத் துளை போடக் கூடாது என்று லாரித் தயாரிப்பாளர்கள் பாடி கட்டுபவர்களுக்குச் சொல்லும் விதி இதிலிருந்து பிறந்தது.

பாலங்களில் ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சி அடித்தார்கள். அது குளிர்ந்து சுருங்கும்போது தகடுகளை ஒன்றோடொன்று இறுக்கும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலமும், 1943-ல் போக்குவரத்துக்கு வந்த ஹவுரா பாலமும் அந்தக் காலத்தின் வேலை. லாரிச் சேஸிஸில் பெரும்பாலும் குளிர் ரிவெட். பல பத்து டன் அழுத்தத்தில் ஹைட்ராலிக் கருவி காய்ச்சாமலே தலையை நசுக்கி உருவாக்கும். அப்போது தண்டும் பருத்துத் துளையை முழுக்க அடைத்துக்கொள்ளும். காய்ச்சிய ரிவெட் தகடுகளை இறுக்கிப் பிடிக்கிறது. குளிர் ரிவெட் துளையை நிரப்பிப் பிடிக்கிறது. நிரம்பிய தண்டு துளைச் சுவரை வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே இருப்பதால், அங்கே விரிசல் தொடங்குவது தாமதமாகிறது. ரிவெட்டை எடுத்தவுடன் இந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. பழைய துளையில் தளர்வான போல்ட் போட்டால், முன்பைவிட மோசமான இணைப்பைச் செய்து வைத்தவர்களாவோம்.

பாலக் கட்டுமானத்தில் 1951-க்குப் பிறகு உயர்வலு போல்ட்கள் மெல்ல ரிவெட்டின் இடத்தைப் பிடித்தன. வாகன ஆலைகள் ரிவெட்டை விடவில்லை. அந்தப் பழக்கம் பழையது: அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏ. ஓ. ஸ்மித் நிறுவனம் 1921-ல் தொடங்கிய தானியங்கி ஆலை நாளொன்றுக்கு 10,000 கார்ச் சேஸிஸ் வரை செய்யக்கூடியது, எல்லாம் ரிவெட். விலை குறைவு, வேகம் அதிகம், சாலை அதிர்வில் கழன்று விழாது. ஆலைக்கு மூன்றும் நல்லவை. பட்டறைக்கு மூன்றாவது நற்குணமே கஷ்டம்.

கை வைக்கும் முன்

ரிவெட் தலையில் உளி படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் மூன்றைத் தவறாமல் சொல்வேன்.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகக் கூடாது. சேஸிஸின் பாரம் முழுவதும் ஸ்டாண்டில் இறங்க வேண்டும். அச்சின் பாரத்தைத் தனி ஜாக்கி தாங்க வேண்டும். ஷாக்கிளைக் கையால் தட்டினால் ஆடும் நிலைக்கு வந்த பிறகே பின்னைத் தட்டலாம். பட்டைக் கட்டின் சென்டர் போல்ட்டைப் பிரிக்க வேண்டியிருந்தால் இரண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு மெதுவாகத் தளர்த்த வேண்டும். கட்டி வைத்த பட்டைக்குள் ஒரு காலை முறிக்கும் அளவுக்கு விசை அடங்கியிருக்கிறது.

அடுத்து அளவு. பழைய பிராக்கெட் இருக்கும்போதே, பின் மையத்திலிருந்து லாங் மெம்பரின் கீழ் விளிம்புக்கும், இடப்பக்கப் பின்னிலிருந்து வலப்பக்கப் பின்னுக்கும், குறுக்காக மூலைவிட்டத்திலும் அளந்து எழுதி வைக்க வேண்டும். கழற்றிய பிறகு அளக்க ஒன்றும் மிஞ்சாது. பிராக்கெட் சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அச்சு கோணலாகும். வண்டி நண்டு மாதிரி ஓடும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். நான்கு பிராக்கெட்டையும் ஒரே மூச்சில் கழற்றாமல், ஒன்றை எடுத்து அதன் இடத்தில் புதியதைப் பொருத்திய பிறகு அடுத்ததற்குப் போவது பாதுகாப்பான வழி.

மூன்றாவது சேஸிஸ் எண். பல வண்டிகளில் இது வலப்பக்க லாங் மெம்பரில் முன்சக்கரத்துக்கு அருகே குத்தப்பட்டிருக்கும், அதாவது முன் பிராக்கெட் வேலை நடக்கும் இடத்திலேயே. கிரைண்டர் ஒரு முறை வழுக்கினால் எழுத்து போய்விடும். பிறகு அந்த வண்டிக்காரர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இடத்தின் மேல் ஒரு தகட்டை கிளாம்ப் செய்து மறைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

நெருப்பு

கேஸ் கட்டர் இல்லாத பட்டறை இந்தப் பகுதியில் இல்லை. ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அசிட்டிலினோ எல்.பி.ஜி.யோ சேர்த்து, ரிவெட் தலையைக் காய்ச்சி, ஆக்ஸிஜன் வீச்சைத் திறந்தால் தலை உருகிப் பறந்துவிடும். ஒரு பிராக்கெட்டின் ரிவெட்களைக் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். கிரைண்டர் எட்டாத மூலையிலும் ஜுவாலை எட்டும்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேர்ந்த கை பிடித்தால் ஜுவாலை தகட்டைத் தொடாமலே தலையை மட்டும் எடுக்கும். இரும்பு ஆக்ஸிஜனில் எரியத் தொடங்க ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வேண்டும். தலை சிறியது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. சீக்கிரம் அந்தச் சூட்டை எட்டிவிடும். அடியிலிருக்கும் தகடு பெரியது, சூட்டைப் பரப்பிக் குறைத்துவிடும். தலைக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் பெயின்ட், துரு, சிறு இடைவெளி எல்லாம் சூடு கடப்பதைத் தடுக்கும். இந்தச் சிறு கால வித்தியாசத்துக்குள் வேலையை முடிப்பதுதான் திறமை. அதற்கென வளைந்த, குறைந்த வேகத்தில் அகலமாக ஆக்ஸிஜன் வீசும் கௌஜிங் நாசில் இருக்கிறது. சாதாரணக் கட்டிங் நாசிலை நேராகப் பிடித்தால் ஜுவாலை தலையைத் துளைத்துத் தகட்டுக்குள் இறங்கிவிடும்.

கேடு அங்கேதான் தொடங்குகிறது. துளையின் விளிம்பில் ஒரு கடி விழுந்தால் கண்ணுக்கு அது சின்னக் குறை. தகட்டுக்கு அப்படியல்ல. இழுவிசை பாயும் தகட்டில் சுத்தமான வட்டத் துளை இருந்தாலே அதன் ஓரத்தில் அழுத்தம் சுமார் 3 மடங்காகக் கூடும்; ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898-லேயே கணக்கிட்டுக் காட்டியது இது. அந்த ஓரத்தில் கூரான கடியும் சேர்ந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். வெட்டுப்பட்ட ஓரத்தை ஒட்டிச் சில மில்லிமீட்டர் வரை உருக்கின் உள்ளமைப்பும் மாறியிருக்கும். விரிசலுக்கு இதைவிட வசதியான பிறப்பிடம் கிடைக்காது. வண்டி அன்றைக்கே நிற்காது. ஓராண்டு ஓடும், இரண்டாண்டு ஓடும். பிறகு லாங் மெம்பர் வெடிக்கும்போது பழி அதிக லோடின் மேல் விழும். கட்டர் பிடித்த கையை அப்போது யாரும் நினைக்க மாட்டார்கள்.

உருக்கின் வகையையும் பார்க்க வேண்டும். பழைய லாரிகளின் சேஸிஸ் உருக்கு ஓரளவு மென்மையானது. சூட்டைச் சற்றுப் பொறுக்கும். பிற்காலத்து வண்டிகளில் எடையைக் குறைக்க உயர்வலு உருக்கு வந்துவிட்டது. உருட்டாலையில் கட்டுப்படுத்திய சூட்டிலும் குளிர்விப்பிலும் பெற்ற வலு அது; பட்டறையில் திரும்பக் காய்ச்சினால் அந்த இடத்தில் குறைந்துவிடும், மீட்க முடியாது. பழைய வண்டியில் பழகிய கை புதிய வண்டியிலும் அதே மாதிரி நெருப்பு காட்டுவது ஆபத்து.

டேங்கர் வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாமக்கல்லின் எல்.பி.ஜி. புல்லட் டேங்கர்கள் தென்னிந்தியா முழுவதும் ஓடுகின்றன. கேஸ் ஏற்றும் டேங்கரின் அடியில், அது காலியாக இருந்தாலும், வாயுவை முழுவதும் வெளியேற்றிச் சோதித்துச் சான்று பெறாமல் கட்டரையோ வெல்டிங்கையோ கிரைண்டரையோ கொண்டு போகக் கூடாது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டவை இந்த வண்டிகள். இதில் அனுபவம், அவசரம், தெரிந்த வண்டி என்ற எந்தச் சமாதானமும் செல்லாது.

கிரைண்டர், உளி, டிரில்

நெருப்பில்லாத முறைகளில் எளியது, ஆங்கிள் கிரைண்டரால் தலையைத் தேய்த்து எடுப்பது. தலையில் கூட்டல் குறி மாதிரி இரண்டு வெட்டுப் போட்டு, நான்கு துண்டுகளையும் உளியால் தட்டி விடுவது அதன் வேகமான வடிவம். வட்டு தகட்டைத் தொடும் முன் நிறுத்த வேண்டும். கடைசி ஒரு மில்லிமீட்டரை உளியே எடுத்துவிடும். தகட்டில் கீறல் விழுந்தால், அதுவும் லாங் மெம்பரின் நீளத்துக்குக் குறுக்காக விழுந்தால், அது இன்னொரு விரிசல் வாய். விழுந்துவிட்ட கீறலை நீளவாக்கில் மெல்லிய எமரி வட்டால் மழுக்கிவிட வேண்டும்.

ஏர் ஹேமர் உள்ள பட்டறையில் உளி வேலை சுருங்கும். காற்று விசையில் இயங்கும் கனமான ரிவெட் உளி, தலையைப் பக்கவாட்டில் சீவிவிடும். சத்தம் கொடுமையானது, காதடைப்பு இல்லாமல் நாள் முழுக்க இதைப் பிடிப்பவருடைய கேட்கும் திறன் கெடும். சீவிய தலை துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும் என்பதால், எதிரே ஒரு சாக்குப் படுதாவாவது தொங்க வேண்டும்.

என் கணிப்பில், மீண்டும் ஓடப்போகும் சேஸிஸுக்கு டிரில்லே முதல் தேர்வு. தலையின் நடுவைச் சரியாகக் கண்டு சென்டர் பஞ்ச் அடிப்பதில் பாதி வேலை முடிகிறது. தலை ஆலையிலேயே தண்டுக்கு நேராக அமையாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் தலையைச் சற்றுத் தேய்த்துத் தட்டையாக்கி மையம் பார்ப்பது நல்லது. முதலில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் பிட்டால் வழித்துளை. அடுத்து படிப்படியாகப் பெரிதாக்கி, தண்டைவிட 1 மில்லிமீட்டர் குறைந்த பிட்டில் நிறுத்த வேண்டும். தண்டு 12 மில்லிமீட்டர் என்றால் 11-ல் நிறுத்தலாம். அப்போது தலை மெல்லிய வளையம் போலத் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உளியால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும். மையம் தவறி முழு அளவு பிட்டை இறக்கினால், பிட் ரிவெட்டோடு நிற்காமல் தகட்டையும் கடித்துத் துளையை நீளமாக்கிவிடும். நெருப்பு செய்யும் கேட்டை டிரில்லும் செய்யும், பிடிப்பவர் அவசரப்பட்டால்.

லாங் மெம்பரில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் மேக்னட் டிரில் இதற்கு ஏற்ற கருவி. கை நடுக்கத்துக்கு அங்கே இடமில்லை. துளை தகட்டுக்குச் செங்குத்தாகவே இறங்கும். சிறு பட்டறைக்கு அது பெரிய முதலீடு என்பதை மறுக்கவில்லை. பத்துப் பட்டறைகள் அடுத்தடுத்து இருக்கும் நாமக்கல் மாதிரி ஊரில் அதைப் பொதுவில் வாங்கி வாடகைக்குச் சுற்ற விடலாம்.

தண்டு வராதபோது

தலை போய்விட்டது, தண்டு மட்டும் வெளியே வர மறுக்கிறது. எல்லாப் பட்டறையிலும் வேலை முடங்குவது இந்த இடத்தில்தான், பொறுமை தீர்ந்து தகடு வளைவதும் இங்கேதான்.

ஏன் வராது? குளிர் ரிவெட்டின் தண்டு துளைக்குள் பருத்து உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரு பக்கம். பிராக்கெட்டின் துளையும் லாங் மெம்பரின் துளையும் ஃபிட்ச் பிளேட்டின் துளையும் மயிரிழை விலகியிருந்தால், தண்டு அந்த விலகலுக்கு ஏற்ப உள்ளே படியாக மடிந்திருக்கும். நேராக அடித்தால் அந்தப் படி தடுக்கும். இதோடு துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் 2 முதல் 6 மடங்கு வரை கூடும். தகடுகளுக்கு இடையே புகுந்த துரு அவற்றை விரித்து, ரிவெட்டைக் குறுக்கே இழுத்துப் பிடித்திருக்கும். கடற்கரை மாவட்டங்களில் உப்பும் மீனும் ஏற்றிய வண்டிகளில் இதன் வேகத்தைப் பார்க்கலாம்.

சம்மட்டி எடுத்து ஓங்கி அடிப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. அடியின் விசை ரிவெட்டுக்குப் போக வேண்டும் என்றால், பிராக்கெட்டும் தகடும் அசையாமல் நிற்க வேண்டும். துளைக்கு மறுபக்கம், தண்டு விழ வழிவிட்டு, ஓட்டையுள்ள கனமான இரும்புக் கட்டையை ஒருவர் அழுத்திப் பிடித்தால் பாதி அடியில் வேலை முடியும். இல்லாவிட்டால் லாங் மெம்பர்தான் அதிர்ந்து அடியைத் தின்னும். பஞ்ச் தண்டைவிட 1 மில்லிமீட்டர் சிறியதாக, முனை தட்டையாக இருக்கட்டும். கூர்முனைப் பஞ்ச் தண்டை நடுவில் பிளந்து இன்னும் பருக்க வைக்கும். முதல் சில அடிகளுக்குக் குட்டையான பஞ்ச், தண்டு நகர்ந்த பிறகு நீளமானது.

அப்படியும் நகரவில்லை என்றால் தண்டின் நடுவே துளையிட வேண்டும். உள்ளே வெற்றிடம் வந்ததும் சுவரை நெருக்கிக்கொண்டிருந்த தண்டு உள்நோக்கிச் சுருங்க இடம் கிடைக்கிறது, இறுக்கம் தளர்ந்துவிடும். மூன்று தகடு சேர்ந்த இணைப்பில் முழு நீளத்துக்கும், இரண்டு தகட்டில் பாதி ஆழத்துக்கும் துளையிட்டால் பொதுவாகப் போதும்.

நெருப்பை இந்தக் கட்டத்தில் வேறு விதமாகப் பயன்படுத்தலாம். தண்டின் நடுவை மட்டும் சிறு ஜுவாலையால் சிவக்கக் காய்ச்சி, வெட்டாமல், தானாக ஆற விட வேண்டும். காயும்போது தண்டு விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. மென்மையாகிவிட்ட தண்டு நீளவாக்கில் பிதுங்கிவிடும். ஆறும்போது அது பழைய அளவைவிடச் சுருங்கித் தளர்ந்து நிற்கும். தகட்டை வெட்டாமல் சூட்டின் விரிவையும் சுருக்கத்தையும் வேலை வாங்கும் இந்த முறையை மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் உயர்வலு உருக்குச் சேஸிஸில் இதையும் தவிர்த்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸை நாட வேண்டும். சி வடிவச் சட்டத்தில் பொருத்திய ஹைட்ராலிக் ஜாக்கி, அடியோ அதிர்வோ இல்லாமல் தண்டைத் தள்ளிவிடும். கிங் பின் தள்ள வைத்திருக்கும் பிரஸ்ஸின் சட்டத்தைச் சற்று மாற்றினாலே பல இடங்களில் ஆகும்.

துளை கிடைத்த பிறகு

பிராக்கெட் இறங்கியவுடன் புதியதை ஏற்றிவிடத் துடிப்பார்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும் உரிமையாளரின் அவசரம் நியாயமானதே. ஆனால் துளையைச் சோதிக்கும் ஒரு மணி நேரத்தை யாரும் குறைக்கக் கூடாது.

பெயின்ட்டையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, டீசலோ எண்ணெயோ ஒட்டாமல் துடைத்து, துளையைச் சுற்றி சிவப்புச் சாயம் ஊடுருவும் சோதனை செய்ய வேண்டும். சாயம் தெளித்து, பத்து நிமிடம் ஊற விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். மூன்று ஸ்பிரே டப்பாக்கள் போதும் இந்தச் சோதனைக்கு. லாங் மெம்பர் உடைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை.

கோடு எழுந்தால் அதன் முனையைத் தாண்டிச் சிறு துளையிட்டு நிறுத்தி, விரிசலை வி வடிவத்தில் தோண்டி, உலர வைத்த குறை ஹைட்ரஜன் ராடால் வெல்ட் செய்து, இருபுறமும் சமமாகத் தேய்த்து, மேலே ஃபிட்ச் பிளேட் வைக்க வேண்டும். ஃபிட்ச் பிளேட்டின் முனையைச் செங்குத்தாக நறுக்காமல் சாய்வாக வெட்டுவது முக்கியம். செங்குத்தாக முடிந்தால் வலுவான பகுதி திடீரென்று முடிந்து வலுவற்ற பகுதி தொடங்கும் கோட்டில் அடுத்த விரிசல் வரும். பிளேட்டின் ஓரம் முழுக்க வெல்ட் வைத்து மூடுவதும் தவறு; குறுக்கு வெல்ட் சேஸிஸை அந்தக் கோட்டில் பலவீனப்படுத்தும். பிராக்கெட்டையே லாங் மெம்பரோடு வெல்ட் செய்துவிடுவது இவற்றிலெல்லாம் பெரிய தவறு. அவசரத்துக்குச் செய்ததாகச் சொல்வார்கள். பிறகு அப்படியே விட்டுவிடுவார்கள்.

விரிசல் இல்லாத துளைக்கு ரீமர் போட வேண்டும். புதிய பிராக்கெட்டை நான்கு மூலையில் தற்காலிக போல்ட்டால் இறுக்கி வைத்து, எல்லாத் தகடுகளையும் ஒன்றாகச் சேர்த்து ரீம் செய்தால் துளைகள் ஒரே நேர்கோட்டில் வரும். 12 மில்லிமீட்டர் ரிவெட் இருந்த துளை தேய்ந்து 13-ஐ நெருங்கியிருக்கும். அதில் எம்12 போல்ட் போட்டால் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். சரியான வழி, 14-க்கு ரீம் செய்து, உடல் வழவழப்பாகத் துளையை நிரப்பும் எம்14 போல்ட் போடுவது. மரை தகட்டுக்குள் வரக் கூடாது. வழவழப்பான உடலே தகட்டைத் தாங்க வேண்டும். முழு நீளமும் மரை போட்ட போல்ட்டின் முகடுகள் நாளடைவில் நசுங்கி இணைப்புத் தளர்ந்துவிடும்.

போல்ட்டின் தரம் 10.9 ஆக இருக்கட்டும், தலையில் எண் பொறித்ததாக. எம்12 அளவிலேயே இந்தத் தரப் போல்ட் சரியாக முறுக்கினால் சுமார் 5 டன் விசையில் தகடுகளை இறுக்கும். அந்த உராய்வுதான் பட்டையின் இழுவையை முதலில் தாங்குகிறது. இதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டி உடல் பலத்தில் இறுக்குவது ஒரு போல்ட்டைத் தளர்வாகவும் அடுத்ததை நீண்டு கெட்டதாகவும் விட்டுவிடும். ஸ்பிரிங் வாஷரை நம்ப வேண்டாம். கெட்டியான தட்டை வாஷரும், தானே பூட்டிக்கொள்ளும் நட்டும் போதும். தகடுகளுக்கு இடையே கனத்த பெயின்ட் இருக்கக் கூடாது; அது நசுங்க நசுங்க இறுக்கம் போய்விடும். மெல்லிய பிரைமர் பூச்சு போதுமானது.

மறுபடி ரிவெட்டே அடிக்கலாமா என்றும் கேட்பதுண்டு. ஆலை அழுத்தத்தில் அடிக்கும் கருவி இருந்தால் அடிக்கலாம். கையால் சுத்தியில் அடித்த ரிவெட் தலையளவில் அழகாக இருக்கும். உள்ளே துளையை நிரப்பியிருக்காது. அதைவிடப் பொருத்தமான போல்ட் மேல்.

சட்டம், கூலி

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பழுதான பிராக்கெட்டை அதே வகைப் பிராக்கெட்டால் மாற்றுவது பழுதுபார்ப்பு. அச்சின் இடத்தை நகர்த்துவதும் அச்சைக் கூட்டுவதும் வேறு. அதற்கு முன்அனுமதி வேண்டும். 2018-ல் வந்த திருத்தத்தின்படி 8 ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும் அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைச் சோதிக்கிறார்கள். பிராக்கெட்டின் பின்னால் மறைந்த துளையின் உட்சுவரை அந்தச் சோதனையில் யாராலும் பார்க்க முடியாது. அதைப் பார்த்த ஒரே ஆள், கழற்றிய மேஸ்திரி.

அதிக லோடின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை 16.2 டன் என்று வரம்பு இருந்த காலத்தில் அதை மீறி ஓடியவை ஏராளம். சில மாநிலங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டே அனுமதித்தன. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அப்படி ஓடிய சேஸிஸ் இன்னும் டிரெய்லராகவும் தண்ணீர் லாரியாகவும் எங்காவது நிற்கிறது. அதன் பிராக்கெட்டைக் கழற்றுபவர் விரிசல் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேடத் தொடங்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் அறிவித்த வாகனக் கழிவுக் கொள்கையின்படி, பதிவு பெற்ற மையங்களில் பிரிக்கப்படும் சேஸிஸ் திரும்பச் சாலைக்கு வராது. அங்கே நெருப்பு தாராளமாக நுழையட்டும். துளையைக் காக்க வேண்டியதில்லை. காக்க வேண்டியது வேலை செய்பவரின் நுரையீரலை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றோட்டமும் முகக்கவசமும் இல்லாமல் அந்த வேலையைச் செய்யச் சொல்வது கொடுமை.

ஓடும் வண்டியின் வேலை நெருப்பின் பக்கம் சாய்வதற்குக் காரணம் அறியாமை அல்ல, கூலி பேசும் முறை. பிராக்கெட் ஒன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும்போது, கால் மணியில் முடிப்பவருக்கும் மூன்று மணி நேரம் டிரில் பிடித்தவருக்கும் ஒரே பணம். துளையைக் காப்பாற்றியவருக்குத் தண்டனை கிடைக்கிறது. லாரி உரிமையாளர் சங்கங்களும் பட்டறை உரிமையாளர்களும் நினைத்தால் இதை மாற்ற முடியும்: கழற்றுவதற்கு ஒரு கூலி, சாயச் சோதனைக்கும் ரீமருக்கும் தனிக் கூலி, பில்லில் துளையின் அளவும் போல்ட்டின் தரமும் எழுதிக் கையெழுத்து. உரிமையாளரும் பிராக்கெட்டை ஏற்றும் முன் ஒரு முறை வந்து துளையைப் பார்க்க வேண்டும், கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி வெளியேறிய பிறகு முதல் லோடு இறங்கியதும் ஒரு தடவை, ஆயிரம் கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்ப்பது அதே கூலிக்குள் அடங்க வேண்டும்.